ஈரல் சாப்பிட்டபின் கை நடுங்கினால்: இறைச்சியில் கள்ளத்தனமாகச் சேரும் மருந்து பற்றி ஒரு முழுமையான வழிகாட்டி

மாமா கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பை தட்டில் மோதிக் கடகடவென்று சத்தம் போட்டதுதான் முதலில் எங்கள் காதில் விழுந்தது. பினாங்கின் பட்டர்வொர்த்தில் என் மாமனார் வீடு, தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. மதியம் ஆட்டீரல் பிரட்டல். மாமாவுக்கு ஈரல் என்றால் உயிர், அவர் தட்டில்தான் அதிகம் விழுந்தது. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். "என்னம்மா, கை தன்னால ஆடுது?" என்று விரல்களை விரித்துக் காட்டினார். காற்றில் அரசிலை ஆடுவதுபோல் ஒரு மெல்லிய நடுக்கம், நிறுத்த முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் என் கணவர் நெஞ்சைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தார். எனக்குத் தலைவலியும் படபடப்பும். எல்லாருக்கும் பரிமாறிவிட்டு நாலு மணிக்குச் சாப்பிட்ட அத்தைக்கு ஆறு மணிக்கு மேல் ஆரம்பித்தது. ஈரலைத் தொடாமல் ரசஞ்சோறு மட்டும் சாப்பிட்ட என் மகளுக்கு ஒன்றுமே இல்லை.

யாருக்கும் வயிற்றுப்போக்கு இல்லை. அதனால் சாப்பாட்டில் கோளாறு என்ற எண்ணமே வரவில்லை. மாமாவுக்கு ரத்த அழுத்தம், எனக்கு வேலைக் களைப்பு என்று ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டோம். இரவு ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர் எங்கள் நாலு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சாப்பிட்ட கறி மிச்சம் இருக்கிறதா?" என்று கேட்டார். இல்லை. அத்தை சட்டியைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தார். சாப்பிட்டது என்ன என்று இன்றுவரை எங்களால் நிரூபிக்க முடியவில்லை. கடைக்காரரைக் குற்றம் சொல்லவும் முடியாது, குற்றமில்லை என்று சொல்லவும் முடியாது. இந்த வழிகாட்டியை எழுதுவதற்குக் காரணம் கழுவிக் கவிழ்த்த அந்தச் சட்டிதான்.

எந்த மருந்து, எதற்காகக் கொடுக்கிறார்கள்

இப்படிப்பட்ட நஞ்சாதலில் உலகம் முழுவதும் அதிகம் பேசப்படும் மருந்து கிளென்பியூட்டரால். ஆஸ்துமாக்காரர்கள் உறிஞ்சும் வெண்டோலின் பம்ப்பில் இருக்கும் சால்பியூட்டமாலும் இதுவும் ஒரே குடும்பம். பீட்டா அகோனிஸ்ட் என்பது அந்தக் குடும்பத்தின் பெயர். வெண்டோலின் கொஞ்சம் அதிகமாக எடுத்தவருக்குக் கை நடுங்குவதையும் நெஞ்சு அடித்துக்கொள்வதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். கறியில் வந்தாலும் இதே கதைதான். ஆனால் சால்பியூட்டமாலின் வேகம் சில மணி நேரத்தில் அடங்கிவிடும். கிளென்பியூட்டரால் உடலில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 35 மணி நேரம் ஆகும். அதனால்தான் சிலருக்கு நடுக்கம் இரண்டு மூன்று நாள் நீடிக்கிறது.

மாடு, ஆடு, பன்றி எதுவானாலும் இந்த மருந்தை அதிக அளவில் தீவனத்தில் கலந்து கொடுத்தால் கொழுப்பு கரைந்து சதை கூடும். தோலுக்கடியில் கொழுப்பு மெலிந்து, சிவப்பாக, வழுவழுவென்று இறைச்சி கிடைக்கும். எடைக்கும் நல்ல விலை. இதற்குத் தேவைப்படும் அளவு, நோய்க்குக் கொடுக்கும் அளவைப்போல் பல மடங்கு. வெட்டுவதற்குப் பல நாள் முன்பே நிறுத்தினால் உடலில் மருந்து குறையும், ஆனால் சேர்ந்த சதையும் வற்றிவிடும். அதனால் பேராசைக்காரன் கடைசி நாள்வரை கொடுக்கிறான். அந்தக் கடைசி நாட்களின் மருந்துதான் நம் தட்டுக்கு வருகிறது.

இதில் வாங்குகிற நமக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். "கொழுப்பே இல்லாம குடுங்கண்ணே" என்று கடைக்குக் கடை கேட்பவர்கள் நாம்தான்.

இது எங்கோ ஓரிடத்தில் நடந்த அபூர்வம் அல்ல. 1990-இல் ஸ்பெயினில் மாட்டு ஈரல் சாப்பிட்ட 135 பேர் இப்படிப் பாதிக்கப்பட்டார்கள். அதே ஆண்டு பிரான்சில் 22 பேர். 1992-இல் மீண்டும் ஸ்பெயினில், காட்டலோனியாவில், 113 பேர். 1998-இல் ஹாங்காங்கில் பன்றி உறுப்புகளைச் சாப்பிட்ட 17 பேர். 2006-இல் ஷாங்காயில் பன்றி இறைச்சியால் 300-க்கும் மேற்பட்டோர். போர்ச்சுகலில் ஆட்டுக்குட்டி இறைச்சியாலும் நடந்திருக்கிறது. ஆடு என்றால் பயமில்லை என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். 2011-இல் மெக்சிகோவில் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணக் காற்பந்துப் போட்டி நடந்தபோது எடுத்த 208 சிறுநீர் மாதிரிகளில் 109-இல் கிளென்பியூட்டரால் இருந்தது. பையன்கள் ஊக்கமருந்து எடுக்கவில்லை, அந்த நாட்டு இறைச்சியைச் சாப்பிட்டார்கள், அவ்வளவுதான்.

நம் மலேசியாவில் 2009-ஆம் ஆண்டின் விலங்குத் தீவனச் சட்டமும் அதன்கீழ் 2012-இல் வந்த விதிகளும் தீவனத்தில் கலக்கக் கூடாத மருந்துகளைப் பட்டியல் போட்டுத் தடுக்கின்றன. கடைக்கு வந்துவிட்ட இறைச்சிக்கு 1983-ஆம் ஆண்டின் உணவுச் சட்டம். உடலுக்குக் கேடு செய்யும் பொருள் கலந்த உணவை விற்றால் 100,000 வெள்ளி வரை அபராதம், 10 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். சட்டம் பலவீனமில்லை. அதன் கையில் கொடுக்கச் சான்றுதான் கிடைப்பதில்லை.

ஈரலில் ஏன் அதிகம், வேகவைத்தால் ஏன் போகாது

உடலுக்குள் வரும் மருந்தையெல்லாம் வாங்கிப் பிரிக்கும் உறுப்பு ஈரல். அதனால் சதையைவிட ஈரலிலும் நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் அதிகம் தங்கும். இதைவிட அதிகம் பிடித்து வைத்துக்கொள்ளும் உறுப்பு கண். மருந்தை நிறுத்திப் பல வாரம் ஆனபின்னும் கண்ணில் இருக்கும் என்பதால், பண்ணையில் தவறு நடந்ததா என்று பார்க்க ஆய்வுக்கூடங்கள் விலங்கின் கண்ணையும் ரோமத்தையும் சோதிப்பதுண்டு. தலைக்கறியில் கண்ணை எடுத்துப் பேரப்பிள்ளைக்கு ஊட்டும் தாத்தாக்கள் இதை அறிந்திருப்பது நல்லது. கண் சிறியது, அதனால் அளவு குறைவு. இருந்தாலும் சின்னக் குழந்தைக்கு வேண்டாம் என்பதே என் எண்ணம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் விஷயம் நன்றாகப் புரியும். ஸ்பெயினில் பிடிபட்ட ஈரலில் கிலோவுக்கு 160 முதல் 291 மைக்ரோகிராம் வரை மருந்து இருந்தது. 250 என்று வைத்துக்கொள்வோம். 200 கிராம் ஈரல் சாப்பிட்டால் 50 மைக்ரோகிராம். கிளென்பியூட்டராலை மாத்திரையாகக் கொடுக்கும் நாடுகளில் ஒரு பெரிய ஆளுக்கு ஒரு வேளைக்கு 20 முதல் 40 மைக்ரோகிராம்தான் கொடுப்பார்கள். ஒரு தட்டு ஈரலில் ஒரு வேளை மாத்திரையைவிட அதிகம். கோடெக்ஸ் என்ற அனைத்துலக உணவுத் தர அமைப்பு மாட்டீரலுக்கு வைத்திருக்கும் உச்சவரம்பு கிலோவுக்கு 0.6 மைக்ரோகிராம். வித்தியாசத்தைப் பாருங்கள்.

சரி, நன்றாக வேகவைத்தால்? கிருமிக்கு அது மருந்து, இதற்கு இல்லை. கொதிக்கும் நீரில் கிளென்பியூட்டரால் அழிவதில்லை. கறியிலிருந்து கொஞ்சம் குழம்புக்கு இறங்கும், அவ்வளவுதான். குழம்பை ஊற்றிச் சாப்பிட்டால் அதுவும் நம் வயிற்றுக்குள்தான். நுரையீரல் போட்டுக் கொதிக்கவைத்த சூப்பும் அப்படித்தான். உப்பில் ஊறவைப்பது, பாலில் போடுவது, மஞ்சள் தடவுவது, வினிகரில் கழுவுவது எல்லாம் வாடையைப் போக்கும். மருந்தைப் போக்காது. முகர்ந்தாலும் ருசித்தாலும் தெரியாது.

உடம்பு என்ன சொல்லும்

பெரும்பாலும் சாப்பிட்ட அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் தொடங்கும். விரல் நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு, பதற்றம், தலைவலி, தலைச்சுற்றல், தசைவலி. சிலருக்குக் குமட்டலும் வாந்தியும், சிலருக்குக் காய்ச்சல். வயிற்றுப்போக்கு முக்கிய அறிகுறி அல்ல. எங்களை ஏமாற்றியதே அதுதான்.

குழப்பும் வேறு சில நோய்கள் உண்டு. சால்மொனெல்லா கிருமி என்றால் வழக்கமாக 6 மணி நேரத்துக்குப் பிறகுதான், அதுவும் வயிற்றுப்போக்கோடு வரும். ஆறிய சோற்றிலும் கறியிலும் வளரும் சில கிருமிகளின் நஞ்சு சீக்கிரமே வாந்தியைக் கிளப்பும், கை நடுக்கம் அதில் முன்னால் நிற்காது. கெட்டுப்போன தொங்கோல் மீனோ கெம்போங் மீனோ சாப்பிட்டாலும் ஒரு மணி நேரத்துக்குள் நெஞ்சு படபடக்கும். ஆனால் அதில் முகமும் கழுத்தும் சிவந்து, உடம்பு எரியும், அரிக்கும். சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை இறங்கினாலும் கை நடுங்கும், அதைக் கருவியில் குத்திப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். மாரடைப்பிலும் படபடப்பு உண்டு. தனி ஆளாக இருந்து நெஞ்சு வலித்தால் ஈரலைப் பற்றி யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள், முதலில் அவசர உதவி எண் 999.

ஒரே கறியைச் சாப்பிட்ட இரண்டு மூன்று பேருக்கு ஒரே நாளில் கை நடுங்கினால் அதைத் தற்செயல் என்று விடாதீர்கள்.

முதல் ஒரு மணி நேரம்

சாப்பிடுவதை நிறுத்துங்கள். மற்றவர்களையும் நிறுத்தச் சொல்லுங்கள். வேலை முடிந்து ராத்திரி வரப்போகிறவருக்கு மூடி வைத்திருப்பதையும் சேர்த்துத்தான்.

ஆளை உட்காரவைத்து நாடி பாருங்கள். மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் முழுவதும் எண்ணவேண்டும். சும்மா இருக்கும்போது 60 முதல் 100 வரை என்பது சாதாரணம். உட்கார்ந்த நிலையிலேயே 120-ஐத் தாண்டினாலும், துடிப்பு விட்டுவிட்டு வந்தாலும், நெஞ்சு வலித்தாலும், மூச்சு முட்டினாலும், மயக்கம் வந்தாலும் 999-ஐ அழையுங்கள். இதய நோயாளி, தைராய்டு அதிகம் சுரப்பவர், சர்க்கரை நோயாளி, கர்ப்பிணி, சிறு பிள்ளை, வயதானவர் ஆகியோர் அறிகுறி லேசாக இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. இந்த மருந்து ரத்தத்தில் பொட்டாசியத்தைக் குறைத்துவிடும். சர்க்கரையையும் ஏற்றும். பொட்டாசியம் குறைந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகப் போகும். இதை வீட்டில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ரத்தப் பரிசோதனையும் இசிஜியும்தான் சொல்லும்.

தண்ணீர் குடிக்கலாம். காப்பி, தேத்தண்ணி, சக்தி பானம் எதுவும் வேண்டாம், அவையும் இதயத்தை விரட்டும். சளி மாத்திரைகளும் வேண்டாம். ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுத் திணறல் இல்லாதபோது பம்ப்பைத் தேடவேண்டியதில்லை. உண்மையிலேயே திணறினால் பம்ப்பைப் பயன்படுத்தி உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். பக்கத்து வீட்டுப் பாட்டியின் இதய மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். துடிப்பைக் குறைக்கும் புரொப்ரனலால் போன்ற மாத்திரைகளைத்தான் டாக்டர்களும் சில வேளை இதற்குக் கொடுப்பார்கள் என்பது உண்மை. ஆனால் ஆஸ்துமாக்காரர் அதைப் போட்டால் மூச்சே அடைத்துவிடலாம். புளித்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைப்பதும் வேண்டாம். இளநீர்? பொட்டாசியம் இருக்கிறது, குடிப்பதில் பொதுவாகத் தவறில்லை. ஆனால் சிறுநீரக நோயாளிக்குக் கூடாது. இளநீர் குடித்தாயிற்று என்று ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருப்பதும் கூடாது.

சட்டியைக் கழுவாதீர்கள்

இதை வீட்டில் ஒருவர் தனியாக எடுத்துச் செய்யவேண்டும். நோயாளியோடு எல்லாரும் ஓடிவிட்டால் பின்னால் கையைப் பிசைய வேண்டியதுதான். பத்து நிமிட வேலை.

சட்டியில் மிச்சமிருக்கும் கறியைச் சுத்தமான கரண்டியால் அள்ளி, புதுப் பிளாஸ்டிக் பையிலோ சுத்தமான டப்பாவிலோ போடுங்கள். இரண்டு ஸ்பூன் குழம்பாக இருந்தாலும் சரி. சமைக்காத பச்சைக்கறி ஃப்ரீசரில் மிச்சம் இருந்தால் அதைத் தொடாமல் அப்படியே வையுங்கள், சமைத்ததைவிட அது மதிப்புள்ளது. பையின்மேல் தேதி, வாங்கிய கடை, வாங்கிய நேரம், சமைத்த நேரம் எழுதி இன்னொரு பைக்குள் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். வீட்டில் வேறு யாரும் தெரியாமல் எடுத்துச் சாப்பிடாதபடி பெரிதாகச் 'சாப்பிடக் கூடாது' என்று ஒட்டுங்கள். ஏற்கெனவே குப்பையில் போட்டிருந்தால்? அப்போதும் எடுத்து வையுங்கள். சோதிக்க முடியுமா முடியாதா என்று ஆய்வுக்கூடம் சொல்லட்டும்.

அடுத்து அடையாளங்கள். உறைந்த இறைச்சி என்றால் உறையை எறியாதீர்கள். எந்த நாடு, எந்த வெட்டுக்கூடத்தின் எண், எந்தத் தொகுதி, எந்தத் தேதி என்று எல்லாம் அந்த ஒட்டுத்தாளில் இருக்கும். ஆஸ்திரேலிய ஆட்டிறைச்சியோ இந்திய எருமை இறைச்சியோ, அது எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போய்க் கண்டுபிடிக்க அந்த எண்தான் வழி. சந்தையில் வாங்கியதற்கு ரசீது எங்கே என்று கேட்பீர்கள். இப்போது பாதிக் கடைகளில் டூயிட்நவ் கியூஆரில்தானே காசு கொடுக்கிறோம்? கைத்தொலைபேசியில் தேதி, நேரம், கடையின் பெயர், தொகை எல்லாம் பதிவாகியிருக்கும். அதைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அதுவே ரசீது.

அப்புறம் ஒரு தாள். யார் யார் சாப்பிட்டார்கள், என்ன, எத்தனை கரண்டி, எத்தனை மணிக்கு, யாருக்கு எப்போது என்ன ஆரம்பித்தது. சாப்பிடாதவர்களையும் எழுதவேண்டும். என் மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை, அது ஒரு செய்தி என்றே எனக்குத் தோன்றவில்லை. சுகாதார அதிகாரிகள் ஒரு நோய்க்குக் காரணம் தேடும்போது சாப்பிட்டவர்களையும் சாப்பிடாதவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பார்கள். ரசஞ்சோறு சாப்பிட்ட பிள்ளை நன்றாக இருக்கிறது என்றால் சோறு, ரசம், தண்ணீர் மூன்றின்மேலும் சந்தேகம் குறையும். மிஞ்சுவது ஈரல்.

கடைசியாகச் சிறுநீர். கிளென்பியூட்டரால் சிறுநீரில் சில நாட்கள்வரை தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போனதும் மாதிரி எடுத்து வைக்கும்படி நீங்களே கேளுங்கள். போகத் தாமதமாகும் என்றால் சுத்தமான போத்தலில் பிடித்து, பெயரும் நேரமும் எழுதிக் கொண்டுபோங்கள்.

டாக்டரிடம் எப்படிச் சொல்வது

"ஃபூட் பாய்சனிங்" என்று மட்டும் சொன்னால் வயிற்றுப்போக்கு மாத்திரையும் உப்புச் சர்க்கரைப் பொட்டலமும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். தவறு அவர்களுடையது அல்ல, நாம் சொன்னது அப்படி. கறியையும் நடுக்கத்தையும் நேரத்தையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். பதற்றத்தில் மலாய் தடுமாறும் என்பதால் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் இதை ஒட்டி வைத்திருக்கிறோம்: "காமி மாக்கான் ஹாத்தி காம்பிங். லெப்பாஸ் டுவா ஜாம், தாங்ஙான் மெங்கிகில், ஜாந்துங் பெர்டெபார். எம்பாட் ஓராங் சாமா." ஆட்டீரல் சாப்பிட்டோம், இரண்டு மணி நேரத்தில் கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது என்று பொருள். நாலு பேருக்கும் அப்படியே என்ற கடைசி வரியை விடாதீர்கள். அதைக் கேட்டதும்தான் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்.

பிறகு, "பீட்டா அகோனிஸ்ட்டாக இருக்குமோ என்று சந்தேகப்படுகிறோம்" என்று பணிவாகச் சொல்லலாம். டாக்டருக்குப் பாடம் எடுப்பதாக நினைத்துத் தயங்கவேண்டாம். அவருக்கு ஐயம் இருந்தால் ஆலோசனை கேட்க நம் பினாங்கிலேயே இடம் இருக்கிறது. நாடு முழுவதற்குமான தேசிய நஞ்சு மையம் கெளுகோரில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழக வளாகத்தில்தான் இயங்குகிறது. பொட்டாசியம், சர்க்கரை, இசிஜி மூன்றும் பார்த்தார்களா என்று கேளுங்கள். வீட்டில் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்ற பட்டியலையும் கொடுங்கள். பெரும்பாலானவர்கள் ஓய்விலும் கண்காணிப்பிலும் சில நாட்களில் முழுவதும் தேறிவிடுகிறார்கள்.

இன்னொன்று. உணவு நஞ்சாதல் 1988-ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டத்தின்கீழ் 24 மணி நேரத்துக்குள் அறிவிக்கவேண்டிய ஒன்று. "டாக்டர், இதை மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவிப்பீர்களா?" என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. தனியார் கிளினிக்குக்கும் இது பொருந்தும்.

யாரிடம் புகார்

மூன்று வாசல்கள் இருப்பதால்தான் நம் மக்கள் அலைகிறார்கள். கடையில் விற்ற இறைச்சி, சமைத்த உணவு என்றால் சுகாதார அமைச்சு. அதன் வாசல் உங்கள் மாவட்டச் சுகாதார அலுவலகம், மலாயில் பெஜாபாட் கெசிஹாத்தான் டேரா. பினாங்கில் தீவில் இரண்டு மாவட்டம், செபராங் பிறையில் மூன்று மாவட்டம். பண்ணை, தீவனம், வெட்டுக்கூடம் என்றால் கால்நடைச் சேவைத் துறை. சந்தைக் கடையின் உரிமமும் சுத்தமும் என்றால் தீவில் பினாங்கு மாநகர் மன்றம், இந்தப் பக்கம் செபராங் பிறை மாநகர் மன்றம். எது என்று குழப்பமாக இருந்தால் முதலாவதற்கே போங்கள். ஆட்கள் நோய்வாய்ப்பட்டிருக்கும்போது முதல் பொறுப்பு சுகாதார அமைச்சுக்குத்தான்.

ஃப்ரீசரில் வைத்ததை ஐஸ் போட்ட பெட்டியில் கொண்டுபோங்கள். தாளையும் கியூஆர் படத்தையும் பிரதி எடுத்துக் கொடுங்கள். மூலத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். புகார் எண்ணையும், வாங்கிக்கொண்ட அதிகாரியின் பெயரையும் குறித்துக்கொள்ளாமல் திரும்பி வராதீர்கள். நீங்கள் கொடுத்த கறி விசாரணைக்கு வழி காட்டும். வழக்குப் போடுவதற்கு அதிகாரிகள் தாங்களே கடைக்குப் போய் மாதிரி எடுக்கவேண்டியிருக்கும். அந்த ஆட்டின் கறி விற்றுத் தீர்வதற்குள் அவர்கள் போகவேண்டும் என்றால் நீங்கள் அன்றைக்கே, முடியாவிட்டால் மறுநாள் காலையிலேயே, புகார் கொடுத்திருக்கவேண்டும். ஒரு வாரம் கழித்துப் போனால் அந்தக் கடையில் தொங்குவது வேறு ஆடு.

மலாயில் எழுதத் தயக்கமாக இருந்தால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். அமரர் எஸ். எம். முகமது இட்ரிஸ் தலைமையில் அரை நூற்றாண்டாக உணவுக் கலப்படத்தையும் கால்நடைகளுக்கு வரைமுறையின்றி மருந்து கொடுப்பதையும் எதிர்த்து வந்த சங்கம் அது. தமிழில் பேசி விளக்கலாம்.

கடைக்காரரிடம் போய்ச் சண்டை போடாதீர்கள். ஃபேஸ்புக்கில் கடையின் படத்தைப் போடுவதும் வேண்டாம். அவருக்கும் தெரியாமல் பண்ணையிலேயே நடந்திருக்கலாம். அவருடைய கணக்குப் புத்தகமும் கொள்முதல் சீட்டும்தான் அதிகாரிகளைப் பண்ணைவரை கூட்டிப்போகும். அவர் பயந்து அதைக் கிழித்துப்போட்டால் நமக்குத்தான் நட்டம்.

உடனே தெரியாத மருந்துகள்

நடுக்கம் வந்தால்தான் மருந்து என்றில்லை. பெனிசிலின் எச்சம் உள்ள கறி, அந்த மருந்து ஒத்துக்கொள்ளாதவருக்குத் தடிப்பையும் மூச்சுத் திணறலையும் கொண்டுவரலாம். குளோரம்ஃபெனிகால் அபூர்வமாக எலும்பு மச்சையையே செயலிழக்கச் செய்யும் என்பதால் உணவுக்கான விலங்குகளுக்குப் பல நாடுகளில் தடை. கோழி, இறால் பக்கம் பேசப்படும் நைட்ரோஃபியூரான் அதே வரிசை. கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போவது இன்னொரு பெரிய கவலை. அதற்காகவே கொலிஸ்டின் என்ற கடைசிக்கட்ட மருந்தைக் கால்நடைத் தீவனத்தில் சேர்ப்பதை மலேசியா 2019 முதல் தடைசெய்திருக்கிறது.

இனி வாங்கும்போது

ஈரலையே விட்டுவிடச் சொல்லவில்லை. இரும்புச் சத்துக்காகப் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் வழக்கம் நம்முடையது. ஆனால் ஒரே வேளையில் கால் கிலோவை ஒருவரே சாப்பிடவேண்டாம், வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சமாகப் போதும். ஒரே நாளில் ஈரல், நுரையீரல், தலை எல்லாம் ஒரே ஆட்டிலிருந்து சமைக்காதீர்கள்.

கொழுப்பே இல்லாத, கண்ணைப் பறிக்கும் சிவப்புக் கறி என்றால் சந்தேகப்படச் சொல்வார்கள். நல்ல எச்சரிக்கைதான், ஆனால் சோதனை ஆகாது. இளம் ஆட்டிலும் கொழுப்புக் குறைவாகத்தான் இருக்கும். அதைவிடக் கேள்வி கேட்பது பயன் தரும். "அண்ணே, இது எந்தப் பண்ணை ஆடு? எங்கே வெட்டினது?" என்று கேட்டால், நேர்மையான கடைக்காரர் முகம் சுளிக்காமல் சொல்வார். பண்ணைக்கு மைகேப் என்ற நல்ல பண்ணை முறைச் சான்றிதழ் இருக்கிறதா, பதப்படுத்திய இறைச்சியில் கால்நடைத் துறையின் விஎச்எம் என்ற சுகாதார முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஹலால் முத்திரை வேறு கேள்விக்குப் பதில், அதை மருந்துச் சோதனைச் சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கோலாலம்பூரில் சௌக்கிட், பூடு சந்தைகளில் வாங்குபவர்களுக்கும் இதே கேள்விகள்தான்.

தீபாவளிக்குப் பங்கு ஆடு எடுக்கும் குடும்பங்களும், முனீஸ்வரர் கோயிலில் கடா வெட்டிப் பந்தி போடுகிறவர்களும் இன்னும் ஒரு படி கவனமாக இருக்கவேண்டும். ஒரே ஆட்டை நூறு பேர் சாப்பிடும் இடம் அது. ஆட்டை விற்றவரின் பெயர், தொலைபேசி எண், காதில் குத்திய எண் இருந்தால் அது, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிப் பொறுப்பாளர் வைத்துக்கொள்ளட்டும். வெட்டியதும் பச்சை ஈரலில் கைப்பிடி அளவும் சதையில் கைப்பிடி அளவும் தனித்தனிப் பையில் எடுத்து, தேதி எழுதி ஃப்ரீசரில் போடட்டும். சமைத்த ஒவ்வொரு வகையிலும் ஒரு சின்ன டப்பா, பந்திக்கு முன்பே எடுத்து வைத்தது.

எங்கள் வீட்டில் இப்போது ஈரல் சமைக்கும் நாளில் இதை அத்தையே செய்கிறார். ஒரு கரண்டியை அள்ளி டப்பாவில் போட்டு மூடி, மேலே தேதி எழுதச் சொல்லி என் மகளிடம் பேனாவைக் கொடுப்பார். மூன்று நாள் கழித்து அந்த டப்பாவைத் தூக்கிப்போடுவதும் அவர்தான், எல்லாருடைய கைகளையும் ஒருமுறை பார்த்துவிட்டு.